எனாமல் ஒட்டிய கண்டாங்கியும் எமல்ஷன் சொட்டிய வேட்டியும்

காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்:

"வீட்டுக்கு வர்ணம் அடித்தபோது மூன்று துணிகள் பாழாகிவிட்டன. ஜன்னல் கம்பிகளுக்குப் பச்சை எனாமல் அடித்திருந்தார்கள். காயவில்லை என்று தெரியாமல் உரசிப் போனதில், மாமியார் எனக்குக் கொடுத்த கண்டாங்கிப் புடவையில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை ஒட்டிக்கொண்டது. மாமனார் அதே கம்பியில் சாய்ந்து நின்றதில் அவருடைய வெள்ளைக் கதர் சட்டையின் முதுகில் நாலு கோடு. கணவரின் வேட்டியில் சுவருக்கு அடித்த கிரீம் கலர் எமல்ஷன் சொட்டுச் சொட்டாக விழுந்திருக்கிறது. அதைக் கவனிக்காமல் துவைத்து இஸ்திரியும் போட்டாகிவிட்டது. புடவையில் மண்ணெண்ணெய் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். பச்சை பரவியதே தவிரப் போகவில்லை. மூன்று வாரம் ஆகிறது. பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றச் சொல்கிறார் ஒருவர். பாத்ரூம் ஆசிட்டில் ஒரு சொட்டு வைத்தால் போதும் என்கிறார் இன்னொருவர். நான் என்ன செய்யட்டும்?"

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த ஆசிட்டைத் துணிப்பக்கமே கொண்டுபோகாதீர்கள். மற்றதையெல்லாம் பிறகு பேசலாம், இதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாத்ரூம் கழுவும் ஆசிட் பருத்தி நூலையே அறுத்துவிடும். ஈரத்தில் ஒன்றும் தெரியாது, கறை கொஞ்சம் வெளுத்தது போலக்கூடத் தோன்றும். துணி காயக் காய ஆசிட் அந்த இடத்தில் கெட்டிப்படும். இஸ்திரிப் பெட்டியின் சூடு பட்டதும் நூல் பொடிந்து, விரல் வைத்தால் ஓட்டை விழும். இப்படி வந்த வேட்டிகளை எங்கள் டிரை கிளீனிங் கடை மேஜையில் விரித்துப் பார்த்திருக்கிறேன். கறையைக்கூட எடுத்திருக்கலாம், நூலை யாராலும் திருப்பித் தர முடியாது.

பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். அதற்குக் காரணம் வேறு. பிளீச் என்பது சாயத்தைச் சிதைக்கிற சரக்கு. பெயின்ட்டில் உள்ள நிறம் பெரும்பாலும் சாயம் இல்லை, மிக நுண்ணிய தூள். வெள்ளைக்கும் வெளிர் நிறங்களுக்கும் போடும் டைட்டானியம் டை ஆக்சைடு பிளீச்சுக்கு அசையவே அசையாது. அந்தத் தூளைப் பிடித்துக்கொண்டிருக்கிற பிசினுக்கும் பிளீச் ஒன்றும் செய்யாது. ஆகவே பச்சை அப்படியே நிற்கும், அதைச் சுற்றியிருக்கிற கண்டாங்கியின் அரக்கு நிறம்தான் போகும். தொழிலுக்கு வந்த புதிதில் நானே இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். ஒரு அம்மாவின் கத்தரிப்பூ நிறப் புடவையில் பெயின்ட் ஓரத்தில் பிளீச் வைத்தேன். கறை போகவில்லை, அதைச் சுற்றி எட்டணா அளவுக்கு வெளுத்த வட்டம் விழுந்தது. அந்த அம்மா திட்டவில்லை. புடவையை மடித்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். முப்பது வருஷம் ஆகியும் அந்த வட்டத்தை நான் மறக்கவில்லை.

குழம்புக் கறை, காபிக் கறை மாதிரி இதை நினைக்காதீர்கள். குழம்பு நூலுக்குள் ஊறும். பெயின்ட் நூலின் மேல் தோல் மாதிரி படியும். நூலின் முறுக்குக்குள் நுழைந்து அங்கேயே கெட்டியாகி, பல்லால் கடித்தது போலப் பிடித்துக்கொள்ளும். அதனால் சோப்புத் தேய்ப்பதில் பயன் இல்லை. அந்தத் தோலை இளக்க வேண்டும், இளகியதைத் துணியைவிட்டு வெளியே வாங்க வேண்டும். இளக்குவது மருந்தின் வேலை. வெளியே வாங்குவது உங்கள் கையின் வேலை. நீங்கள் மண்ணெண்ணெயைப் போட்டபோது முதல் பாதி நடந்தது, இரண்டாம் பாதி நடக்கவில்லை. இளகிய பச்சை போக இடம் இல்லாமல் பக்கத்து நூலுக்குப் போனது. போதாததற்கு ரேஷன் மண்ணெண்ணெயில் அடையாளத்துக்காக நீல நிறம் கலந்திருப்பார்கள், அதன் எண்ணெய்ப் பிசுக்கும் துணியில் தங்கும். அதை முதலில் எடுத்தாக வேண்டும்.

உங்கள் மூன்று துணிக்கும் மூன்று வழி. ஏன் என்றால் எனாமலும் எமல்ஷனும் காய்கிற விதமே வேறு. எமல்ஷனில் பிளாஸ்டிக் மாதிரியான அக்ரிலிக் துகள்கள் தண்ணீரில் மிதக்கின்றன. தண்ணீர் ஆவியாகப் போனதும் அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிவிடும். ஈரமாக இருக்கும்வரை குழாய்த் தண்ணீருக்கே போகும், காய்ந்துவிட்டால் தண்ணீர் அதைத் தொடாது. எனாமல் எண்ணெய் வகை. அதில் உள்ள டர்பன்டைன் முதலில் ஆவியாகும். பிறகு எண்ணெய்ப் பிசின் காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி, நாள் செல்லச் செல்ல உள்ளுக்குள்ளேயே கண்ணி போட்டு இறுகும். தொட்டால் ஒட்டாத நிலை ஒரு நாளில் வந்துவிடும். முழுதாக இறுகச் சில வாரம் பிடிக்கும். மூன்று வாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். லேசான வேலை இல்லை, கைவிட வேண்டிய நிலையும் இல்லை.

சுவருக்கு அடித்தது எமல்ஷன்தான் என்று நிச்சயமாகத் தெரியுமா? பெயின்டர் சொன்னார் என்றால் டப்பாவை ஒருமுறை பாருங்கள். டப்பா இல்லை என்றால் ஒரு சோதனை இருக்கிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு, காய்ந்த சொட்டின் மேல் அரை நிமிஷம் வைத்துத் திருப்புங்கள். பஞ்சில் நிறம் ஏறினால், அல்லது சொட்டு பிசுபிசுவென்று ஆனால், அது எமல்ஷன். ஒன்றுமே நடக்கவில்லை என்றால் எண்ணெய்ப் பெயின்ட்.

வேட்டியிலிருந்து தொடங்கலாம், மூன்றில் அதுதான் சுலபம். இஸ்திரி போட்டது நல்லதில்லைதான். அக்ரிலிக் சூட்டில் இளகும் சரக்கு, பெட்டியின் அழுத்தத்தில் நூலிடுக்குக்குள் இன்னும் இறங்கியிருக்கும். ஆனாலும் ஸ்பிரிட்டுக்கு அது இளகிவிடும். பெயின்ட் விழுந்தபோது வேட்டி கஞ்சி மொடமொடப்போடு இருந்ததா என்று கணவரைக் கேளுங்கள். இருந்திருந்தால் உங்களுக்கு நல்ல காலம். நூலுக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் கஞ்சி ஒரு பாய் விரித்தது போல இருந்திருக்கும், சொட்டு ஓரத்திலிருந்து சுலபமாகக் கிளம்பும். வெள்ளைத் துணிக்குக் கஞ்சி போடுவதை அழகுக்காக மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அழுக்கும் கறையும் கஞ்சியில் ஒட்டி, கஞ்சியோடு துவைப்பில் போகட்டும் என்பதும் அதில் உண்டு.

வேட்டியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்துக் கஞ்சியை வெளியேற்றி, நிழலில் காயவைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஓர் எவர்சில்வர் தாம்பாளத்தைக் கவிழ்த்து, அதன் மேல் பழைய வெள்ளைப் பருத்தித் துணியை நாலாக மடித்துப் போடுங்கள். பெயின்ட் இருக்கிற பக்கம் கீழே பார்க்கிற மாதிரி வேட்டியை அதன்மேல் விரியுங்கள். பின்பக்கத்திலிருந்து ஸ்பிரிட்டைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஸ்பிரிட் உடனே ஆவியாகிவிடும், அதனால் ஒரு சின்ன பிளாஸ்டிக் தாளால் பத்து நிமிஷம் மூடி வையுங்கள். மூடியை எடுத்ததும் பழைய டூத் பிரஷ்ஷின் முடி நுனியால் மேலிருந்து தட்ட வேண்டும். இழுத்துத் தேய்க்கக் கூடாது. அம்மி கொத்துகிறவர் உளியை நேரே வைத்துக் கொத்துவது போல, மேலிருந்து கீழே, மெதுவாக. பத்து பதினைந்து தட்டுக்குப் பிறகு வேட்டியைத் தூக்கிப் பாருங்கள். கீழே இருக்கும் துணியில் கிரீம் நிறத்தில் ஒரு பொட்டு விழுந்திருக்கும். அந்தப் பொட்டைக் கண்ணால் பார்த்தால்தான் வேலை சரியாக நடக்கிறது என்று அர்த்தம். கீழ்த் துணியை நகர்த்தி, சுத்தமான இடத்தைக் கொடுத்து மறுபடி ஆரம்பியுங்கள். ஒரே இடத்தில் தட்டிக்கொண்டிருந்தால் வெளியே வந்த பெயின்ட் திரும்ப ஏறிவிடும். வீட்டில் செய்கிறவர்கள் தோற்கிற இடம் பெரும்பாலும் இதுதான்.

நடுவில் பெயின்ட் புடைத்து எழுந்தால் ஸ்பூனின் விளிம்பால் நூல் ஓடுகிற திசையிலேயே மெல்ல வழித்து எடுங்கள். எங்கள் கடையில் இதற்கு எலும்பில் செய்த மழுங்கிய சின்னப் பட்டை ஒன்று இருந்தது, இப்போது பிளாஸ்டிக்கில் வருகிறது. கத்தி மட்டும் வேண்டாம். வேட்டி நூல் மெல்லியது. நூலின் நம்பர் ஏற ஏற நூல் மெலியும். 100-ஆம் நம்பர் வேட்டி என்றால் குழந்தையின் தலைமுடியைத் தொடுவது போலத் தொட வேண்டும். வேட்டிக் கரையில் ஜரிகை இருந்தால் அதில் ஸ்பிரிட் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் காலத்து ஜரிகை பலதும் பிளாஸ்டிக் இழையின் மேல் பூச்சு பூசியது, பூச்சு உரிந்துவிடும். கடைசியில் பாத்திரம் கழுவும் லிக்விட்டை இரண்டு சொட்டு விட்டு விரலால் கசக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுங்கள். அலசியதும் வெயிலில் போடாதீர்கள், இஸ்திரியும் வேண்டாம். ஈரத்தில் மறைந்திருப்பது காய்ந்தால் தெரியும். நிழலில் காயட்டும். மிச்சம் தெரிந்தால் இன்னொரு சுற்று. மூன்று சுற்றில் பெரும்பாலும் வேட்டி உடுத்துகிற நிலைக்கு வந்துவிடும்.

அடுத்தது மாமனாரின் கதர் சட்டை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இது என் அப்பாவிடம் நான் கற்றது. அவர் வைகைக் கரையில் வெள்ளாவி வைத்தவர். வெளுக்க வந்த துணியை உவர்மண் கரைத்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பானையின் மேல் அடுக்கி, அடியில் தண்ணீர் கொதிக்க ஆவியில் வேகவைப்பார்கள். விடிந்ததும் ஆற்றில் அடித்துத் துவைப்பார்கள். உவர்மண்ணில் இருப்பது காரம், முக்கியமாக இன்று நாம் வாஷிங் சோடா என்று வாங்குகிற அதே சரக்கு. வண்டிமசி, எண்ணெய் எல்லாம் வெள்ளாவியில் போகும். காய்ந்த எண்ணெய்ப் பெயின்ட்கூடப் பிடி தளர்ந்து வருவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அப்போது காரணம் தெரியாது. பின்னால்தான் தெரிந்துகொண்டேன். எனாமலின் பிசினில் எண்ணெய் இருக்கிறது. காரம் எண்ணெயைத் தொட்டால் அது சோப்பாக மாறத் தொடங்கும். சோப்புக் காய்ச்சுகிற அதே வேலைதான். புதுச் சிமென்ட் சுவரில் எண்ணெய்ப் பெயின்ட் அடித்தால் பிசுபிசுத்து உரிவதும் சிமென்ட்டின் காரத்தால்தான். பருத்தியோ காரத்துக்கு அஞ்சாது. மில்களில் பருத்தி நூலுக்குப் பளபளப்பு ஏற்ற அதைவிடக் கடுமையான காஸ்டிக் சோடாவிலேயே முக்கி எடுக்கிறார்கள்.

ஆகவே வெள்ளைக் கதருக்கு இது கைகண்ட வழி. முதலில் பெயின்ட்டின் மேல் மொத்தையை ஸ்பூனால் சுரண்டிவிடுங்கள். ஒரு லிட்டர் நல்ல வெந்நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி வாஷிங் சோடா. ஆப்ப சோடா இல்லை, இரண்டும் வேறு வேறு. எவர்சில்வர் பாத்திரம் அல்லது பிளாஸ்டிக் வாளியில் கரைத்துக்கொள்ளுங்கள். அலுமினியத்தில் வேண்டாம், சோடா அதை அரித்துக் கறுப்பாக்கும். கையுறை போட்டுக்கொண்டு, சட்டையின் முதுகுப் பக்கம் முழுகும்படி ஒரு மணி நேரம் விடுங்கள். ஆறியதும் ஊற்றிவிட்டுப் புதிதாக வெந்நீரும் சோடாவும் போட்டு இன்னொரு மணி நேரம். வெளியே எடுத்துக் கோட்டை விரலால் அழுத்தினால் முன்பிருந்த விறைப்பு போயிருக்கும், ஓரங்கள் சுருங்கித் தூக்கியிருக்கும். அந்த ஈரத்திலேயே ஸ்பூனால் வழித்துவிட்டு, நன்றாக அலசி, முழுக்கக் காயவிடுங்கள். மிச்சம் இருப்பதற்கு டர்பன்டைன் போட்டு, வேட்டிக்குச் சொன்ன அதே தாம்பாள முறையில் தட்டி எடுங்கள். கடைசி அலசலில் ஒரு வாளித் தண்ணீருக்கு நாலு ஸ்பூன் வினிகர் விட்டு ஒருமுறை முக்கி, பிறகு பச்சைத் தண்ணீரில் இரண்டு தடவை அலசினால் சோடாவின் பிசுபிசுப்பும் போய்விடும். மேலே மஞ்சள் சாயல் தட்டினால் சொட்டு நீலம் போதும்.

இதை வெள்ளைப் பருத்திக்கு மட்டும்தான் சொல்கிறேன். சாயத் துணிக்குக் கொதிக்கும் சோடாத் தண்ணீர் ஆகாது. பட்டுக்கும் கம்பளிக்கும் காரமே எமன், இழையையே கரைத்துவிடும்.

இனி கண்டாங்கி. நீங்கள் மனம் வருந்தி எழுதியது இந்தப் புடவைக்காகத்தான் என்று கடிதத்தைப் படித்ததுமே தெரிந்தது. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அது ஊருக்குப் பெருமை. ஆனால் மாமியார் கையால் கொடுத்த புடவைக்கு அதெல்லாம் கணக்கில்லை, எனக்குப் புரிகிறது. உங்களுக்குச் சாதகமான விஷயம் ஒன்று இருக்கிறது. கண்டாங்கியின் நூல் பருமன், நெசவும் கெட்டி. உரசி ஒட்டிய எனாமல் மேட்டு நூலின் முதுகில்தான் கூடுதலாக இருக்கும், பள்ளத்தில் குறைவு. புடவையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பின்பக்கம் பாருங்கள். பச்சை பின்பக்கம் வந்திருக்கிறதா, வராமல் நிழல் மாதிரி தெரிகிறதா? வராமல் இருந்தால் பாதிக்குமேல் காப்பாற்றிவிடலாம் என்று தைரியமாகச் சொல்வேன்.

முதல் நாள் மண்ணெண்ணெய்ப் பிசுக்கை மட்டும் எடுங்கள். கறையைச் சுற்றிப் பரவியிருக்கிற வட்டத்தில் பாத்திரம் கழுவும் லிக்விட்டைத் தண்ணீர் கலக்காமல் தடவி, பத்து நிமிஷம் விட்டு, பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். முகர்ந்து பார்த்தால் வாசனை இருக்கக் கூடாது. வெந்நீர் வேண்டாம். பிறகு ஒரு முழு நாள் காயட்டும். நூலில் ஈரம் இருந்தால் டர்பன்டைன் உள்ளே இறங்காது.

அடுத்தது சாயச் சோதனை, இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். உடுத்தும்போது இடுப்பில் உள்ளே போகிற முனையின் ஓரத்தில், அரக்கு, மஞ்சள் என்று ஒவ்வொரு நிறக் கட்டத்திலும் ஒரு சொட்டு டர்பன்டைன் வைத்து, வெள்ளைத் துணியை அதன்மேல் ஐந்து நிமிஷம் அழுத்துங்கள். வெள்ளைத் துணியில் நிறம் ஏறாவிட்டால் மேலே போகலாம். ஏறினால் அங்கேயே நிறுத்திக் கடைக்குக் கொண்டுபோங்கள். டர்பன்டைனுக்குப் பிறகு தின்னர் உபயோகிக்க நேர்ந்தால் அதற்கும் தனியாக இதே சோதனை. தின்னர் இன்னும் கடுமையான சரக்கு, டர்பன்டைனில் அசையாத சாயம் அதில் அசையலாம்.

சோதனை தேறினால் அதே தாம்பாளம், அதே மடித்த துணி. கறை கீழே பார்க்கட்டும். டர்பன்டைனையும் பாத்திரம் கழுவும் லிக்விட்டையும் சம அளவு கலந்து ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொள்ளுங்கள். லிக்விட் சேர்ந்தால் ஆவியாவது குறையும், இளகிய பச்சையும் துணியில் திரும்பப் படியாமல் மிதந்து நிற்கும். கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வைத்துக்கொண்டு போங்கள். நடுவிலிருந்து ஆரம்பித்தால் வட்டம் பெரிதாகும், நீங்கள் ஏற்கெனவே பார்த்ததுதான். இருபது நிமிஷம் ஊறவிட்டு, பிரஷ் நுனியால் தட்டத் தொடங்குங்கள். மூன்று வார எனாமல் முதல் சுற்றில் அசையாது, மனம் தளராதீர்கள். இரண்டாவது சுற்றில் கீழ்த் துணியில் வெளிர் பச்சையாக நெசவின் கட்டம் பதியும், ரப்பர் முத்திரை குத்தியது போல. அதைப் பார்த்ததும் வேகமாகத் தட்டத் தோன்றும். வேகம் வேண்டாம்.

இரண்டு சுற்றுக்குப் பிறகும் கீழ்த் துணி வெள்ளையாகவே இருந்தால் டர்பன்டைனுக்கு அது அடங்காது என்று பொருள். அப்போது தின்னர். அசிட்டோனும் இதே வேலையைச் செய்யும், நெயில் பாலிஷ் ரிமூவரில் அசிட்டோன் இல்லாத வகையும் உண்டு என்பதால் பாட்டிலைப் படித்து வாங்குங்கள். தின்னர் எனாமலை முழுக்கக் கரைக்காது, தோலைப் புடைக்கவைத்துச் சுருங்கச் செய்யும். அந்தச் சுருக்கம் தெரிகிற ஓரிரு நிமிஷத்துக்குள் ஸ்பூன் விளிம்பால் வழித்துவிட வேண்டும். ஆறவிட்டால் மறுபடி படிந்துவிடும். கறை முழுவதற்கும் ஒரே நேரத்தில் வைக்காமல், ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்துக்கு வைத்து முடித்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள். ஒரு நாளைக்கு ஒரு சுற்று, நடுவில் துணிக்கு ஓய்வு என்று ஒரு வாரத்தில் செய்தால் போதும். மூன்று வாரம் பொறுத்தாயிற்று, இன்னும் ஒரு வாரம் பொறுப்பதால் புடவைக்குக் கெடுதல் இல்லை.

டர்பன்டைன் வைத்து வேலை செய்யும்போது அடுப்பு எரியக் கூடாது, பூஜையறை விளக்கும் ஊதுவத்தியும் பக்கத்தில் இருக்கக் கூடாது. இதன் ஆவி ஏறத்தாழ 35 முதல் 40 பாகை செல்சியஸில் நெருப்புப் பட்டால் பற்றிக்கொள்ளும். உங்கள் ஊரின் சித்திரை மதியம் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். தின்னருக்கும் அசிட்டோனுக்கும் அந்தச் சூடுகூடத் தேவையில்லை, சாதாரண நாளிலேயே பற்றும். முற்றத்திலோ திண்ணையிலோ காலை வேளையில் உட்கார்ந்து செய்யுங்கள். பெட்ரோலை நினைக்கவே வேண்டாம். டர்பன்டைன் வாசனை இருக்கும்வரை துணியை வாஷிங் மெஷினில் போடக் கூடாது. தட்டி எடுத்த அழுக்குத் துணிகளைச் சுருட்டி மூலையில் போடாமல் வெளியே விரித்துக் காயவிட்டுப் பிறகு குப்பையில் சேருங்கள். மீந்த டர்பன்டைனைச் சாக்கடையிலோ ஊருணி ஓரத்திலோ ஊற்றாதீர்கள், மூடி வைத்தால் அடுத்த வேலைக்கு ஆகும். பிளீச்சிங் கரைசல் பாட்டில் அந்தப் பக்கம் இருந்தால் எடுத்து வேறு அறையில் வையுங்கள். ஸ்பிரிட்டோடும் அசிட்டோனோடும் அது சேர்ந்தால் நஞ்சு உண்டாகும், ஆசிட்டோடு சேர்ந்தால் மூச்சை அடைக்கும் குளோரின் வாயு வரும்.

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. பழைய வீடு என்றால், புதுப் பெயின்ட் அடிக்கும் முன் ஜன்னலில் இருந்த பழைய பெயின்ட்டைச் சுரண்டியிருப்பார்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எண்ணெய்ப் பெயின்ட்டில் ஈயம் இருந்திருக்கலாம். சுரண்டிய தூள் படிந்த துணிகளைக் குழந்தைகள் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். வீட்டுக்குள் உதறவும் வேண்டாம்.

வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பு பட்ட துணி இருந்தால், அதற்கு இத்தனை பாடு இல்லை. காய்ந்ததை உதறிவிட்டு, வினிகரைத் தண்ணீரில் பாதிக்குப் பாதி கலந்து தடவினால் நுரைத்துக் கரையும், பிறகு நன்றாக அலசிவிடுங்கள்.

கண்டாங்கியில் எவ்வளவு போகும் என்று கேட்பீர்கள். உங்கள் விவரப்படி பச்சையின் மொத்தை போய்விடும், தடவினால் விறைப்புத் தெரியாது. நூலின் முறுக்குக்குள் மாட்டிய தூள் லேசான பச்சைச் சாயலாகத் தங்கலாம். அந்தச் சாயலைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள். மூன்று முழுச் சுற்றுக்குப் பிறகு கீழ்த் துணியில் நிறம் ஏறுவது நின்றுவிட்டால் நீங்களும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் தட்டுகிற ஒவ்வொரு தட்டும் பஞ்சு எழும்பவைத்து அந்த இடத்தை வெளுத்ததாகக் காட்டும். கறை உடலில் எந்தப் பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை. கொசுவத்தில் வருகிற இடம் என்றால், பழைய முறைப்படி பின்கொசுவம் வைத்தோ, முன்கொசுவத்தில் ஒரு மடிப்பை மாற்றியோ உடுத்தினால் அந்தச் சாயல் உள்ளே போய்விடும். இப்படி மறைத்து உடுத்தச் சொல்லி நான் அனுப்பிய புடவைகள் பல ஆண்டுகள் உழைத்திருக்கின்றன.

சாயச் சோதனையில் நிறம் ஏறினாலோ, நீங்களே செய்யக் கை நடுங்கினாலோ, நல்ல டிரை கிளீனிங் கடைக்குக் கொடுத்துவிடுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. பெயின்ட், எண்ணெய், கிரீஸ் மூன்றுக்கும் சேர்த்தே எங்களிடம் தனிக் கரைப்பான் இருக்கிறது, அடியிலிருந்து காற்றை உறிஞ்சுகிற மேஜையும் இருக்கிறது. நீங்கள் தாம்பாளத்தில் அரை நாள் செய்வது அதில் சீக்கிரம் முடியும். கொடுக்கும்போது "கறை இருக்கிறது, பார்த்துச் செய்யுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். என்ன பெயின்ட், அது துணியில் பட்டு எத்தனை நாள் ஆயிற்று, மண்ணெண்ணெய் எத்தனை முறை வைத்தீர்கள், டர்பன்டைன் வைத்தீர்களா, வெந்நீர் பட்டதா என்பதையெல்லாம் ஒரு சீட்டில் எழுதி, கறை இருக்கிற இடத்திலேயே நூலால் லேசாகக் கட்டிவிடுங்கள். குண்டூசியும் ஸ்டேப்ளரும் வேண்டாம், துரு ஏறும். கவுன்டரில் வாங்குகிறவர் ஒருவர், மேஜையில் கறை எடுக்கிறவர் வேறொருவர். உங்கள் புடவையைக் கையில் எடுக்கிறவர் அந்தச் சீட்டைத்தான் முதலில் படிப்பார்.